பசி வருவதற்கு இடம் விடுங்கள்

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு இரண்டு வயது மூன்று மாதம். ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. போனில் வீடியோ ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள், நிறுத்தினால் துப்பிவிடுகிறாள். நான் வேலைக்குப் போகிறேன், பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். சாதம் போகவில்லை என்றால் பாலாவது போகட்டும் என்று பாட்டிலில் கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொன்றும் 200 மில்லி, சத்து பவுடரும் சர்க்கரையும் போட்டு. இடையில் ஐந்தாறு பிஸ்கட். காய், கீரை, முட்டை எதையும் தொட மாட்டாள். மலச்சிக்கலும் இருக்கிறது. பிறந்தபோது 2.8 கிலோ, முதல் பிறந்தநாளில் 8.6, இப்போது 10.9. பக்கத்து வீட்டில் அதே வயதுப் பையன் கொழுகொழுவென்று இருக்கிறான். "உனக்குப் பிள்ளைக்கு ஊட்டத் தெரியல" என்று வீட்டில் சொல்லும்போது அழுகையாக வருகிறது. போன வாரம் கோபத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாயில் திணித்துவிட்டேன், எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. பசி எடுக்க ஏதாவது சிரப் எழுதித் தர முடியுமா?

ஒரு தாய், திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சிரப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் எழுதிய எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டேகால் வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 12 கிலோவை ஒட்டி இருக்கும், 9.5 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்று சொல்வோம். உங்கள் மகள் 10.9. நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறாள், ஆனால் நலமான எல்லைக்குள் இருக்கிறாள். பிறந்தபோதும் அவள் நடுக்கோட்டுக்குக் கீழேதான், முதல் பிறந்தநாளிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பையனை விட்டுவிடுங்கள். இந்த வயதில் ஆண் குழந்தைகளின் சராசரி எடையே அரை கிலோ கூடுதல், அதோடு அவன் அப்பா அம்மாவின் உடல்வாகு வேறு, உங்களுடையது வேறு. ஒரு குழந்தையை அவளுடைய போன மாத எடையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் வருடத்தில் அவள் 5.8 கிலோ கூடினாள், அதற்குப் பிறகு வந்த பதினைந்து மாதத்தில் 2.3 கிலோதான். இதைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் பயந்திருப்பீர்கள். ஆனால் எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் வளர்கிறார்கள். இரண்டாவது வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோ, அதற்கப்புறம் ஐந்து வயது வரை வருடத்துக்குச் சுமார் இரண்டு கிலோ. முதல் வருட வேகத்திலேயே போனால் உங்கள் மகள் பத்து வயதில் 60 கிலோ இருப்பாள்! வளர்ச்சி மெதுவாகும்போது உடம்பு கேட்கிற சோறும் குறைகிறது. பத்து மாதத்தில் குருவிக் குஞ்சு மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருந்த பிள்ளை ஒன்றரை வயதில் முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான். சரியாக அந்த நேரத்தில்தான் வீட்டில் பதற்றம் தொடங்குகிறது, போன் வருகிறது, பிஸ்கட் வருகிறது, பால் பாட்டில் கூடுகிறது. என் அறைக்கு வரும் பத்து வீடுகளில் ஏழெட்டு வீடுகளின் கதை இதுதான்.

இப்போது பால் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 கலோரி போதும். பால் 100 மில்லிக்குச் சராசரியாக 65 கலோரி என்று வைத்துக்கொண்டால் 800 மில்லியில் 520 வந்துவிடுகிறது. நான்கு தடவை சர்க்கரை, பவுடர் சேர்த்தால் 600ஐத் தாண்டும். ஐந்தாறு பிஸ்கட்டுக்கு இன்னும் 130, 150 போடுங்கள். ஆக, சாப்பாட்டுத் தட்டு அவள் முன்னால் வருவதற்கு முன்பே 750 கலோரி உள்ளே போய்விட்டது. மீதி இருப்பது 250. அது இரண்டு இட்லியும், நெய் விட்ட பருப்பு சாதம் நாலைந்து வாயும். உங்கள் மகள் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன், சரிதானே?

அதாவது அவள் சாப்பிடாத பிள்ளை கிடையாது. அவள் உடம்பு தனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை எடுத்துக்கொண்டு, போதும் என்று தெளிவாகச் சொல்கிறது. நிரம்பிய வயிற்றில் இன்னும் திணிக்கப் பார்ப்பது நாம்தான். நான்கு பாட்டிலுக்கும் பிஸ்கட்டுக்கும் இடையில் அவளுக்குப் பசி என்ற ஒன்று வருவதற்கு நேரமே இல்லை.

பால் நல்லதுதானே, அதில் என்ன கெடுதல் என்று மாமியார் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பாலில் கால்சியம் இருக்கிறது, புரதம் இருக்கிறது, ஆனால் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். ஒரு லிட்டர் பசும்பாலில் அரை மில்லிகிராம் அளவுதான், அவளுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ 8 மில்லிகிராம். போதாததற்கு, பாலில் உள்ள கால்சியம் மற்ற உணவிலிருந்து கிடைக்கிற இரும்புச்சத்தையும் உடம்பில் சேர விடாமல் தடுக்கும். முட்டை, கீரை, பயறு எதையும் தொடாமல் 800 மில்லி பால் குடிக்கிற குழந்தைக்கு ரத்தசோகை வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. ரத்தசோகை வந்தால் பசியும் குறையும். பசி இல்லை என்று இன்னும் பால் கொடுப்போம், ரத்தம் இன்னும் குறையும், பசி இன்னும் போகும். இந்தச் சுழலை நான் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. வசதியான வீடு, வசதி இல்லாத வீடு என்று அது பார்ப்பதில்லை. உங்கள் மகளின் கீழ் இமையை லேசாக இறக்கிப் பாருங்கள், உள்ளங்கையைப் பாருங்கள், வெளுத்திருக்கிறதா? மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாக்பீஸ் இவற்றை எடுத்து வாயில் வைக்கிறாளா? காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருக்கிறாளா? இது எதுவும் இல்லை என்றாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் மருத்துவர் அவள் எடைக்கேற்ப இரும்புச்சத்து மருந்து எழுதித் தருவார். சிரப் கேட்டீர்களே, அவளுக்கு ஒருவேளை தேவைப்படக்கூடிய சிரப் அது ஒன்றுதான்.

மலச்சிக்கலும் பெரும்பாலும் இதே பாலிலிருந்துதான் வருகிறது. வயிறு நிறையப் பால், நார்ச்சத்தே இல்லை, தண்ணீரும் குறைவு. மலம் இறுகி, போகும்போது வலித்தால் குழந்தை அடக்கிக்கொள்ளும், அடக்கினால் வயிறு உப்பியே இருக்கும், அப்புறம் எப்படிச் சாப்பிடத் தோன்றும்? பாலைக் குறைத்து, பப்பாளி, கொய்யா, வாழைப்பழம், நிறையத் தண்ணீர் என்று மாற்றினாலே பல குழந்தைகளுக்கு ஒரு மாதத்துக்குள் சரியாகிவிடும். வலியில் அழுகிறாள், ரத்தம் படுகிறது என்றால் காத்திருக்காமல் காட்டுங்கள்.

ஆகவே முதல் வேலை பாலை 400 மில்லிக்குக் கொண்டுவருவது. எந்த நாளும் 500ஐத் தாண்ட வேண்டாம். ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரெண்டுபடும், அதனால் படிப்படியாகச் செய்யுங்கள். முதலில் பகல் பதினொரு மணிப் பாட்டிலை நிறுத்துங்கள், அதுதான் மதியச் சாப்பாட்டைக் கெடுக்கிறது. மற்ற பாட்டில்களில் இரண்டு நாளைக்கு ஒரு முறை 30 மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள். மூன்று வாரத்தில் காலையில் ஒரு சின்ன டம்ளர், மாலையில் ஒன்று என்று வந்துவிடலாம். பாட்டில் என்பதே இந்த வயதில் வேண்டாம், டம்ளரில் அவளே பிடித்துக் குடிக்கட்டும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். ராத்திரி வாயில் பாட்டிலோடு தூங்கும் பழக்கம் இருந்தால் அதை முதல் வாரத்திலேயே விட வையுங்கள். இரவெல்லாம் இனிப்புப் பால் பல்லில் தங்கி, மூன்று வயதிலேயே முன்பல் கறுத்துப் போன குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சலாக இருக்கிறது, தடுத்திருக்கக் கூடிய வலி அது. சர்க்கரையும் பவுடரும் இனி வேண்டாம். அந்த டப்பாக்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சர்க்கரை எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், டீயும் இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும்.

அடுத்தது போன். ஒரு வேளைக்கு ஒன்றேகால் மணி என்றால் மூன்று வேளைக்கு மூன்றே முக்கால் மணி நேரம் அவள் திரையைப் பார்க்கிறாள். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. கண், தூக்கம், பேச்சு என்று பல காரணங்கள் உண்டு, ஆனால் இங்கே நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. வீடியோ ஓடும்போது அவள் வாய் திறப்பது பசியால் கிடையாது, கவனம் அங்கே போய்விட்டதால். என்ன சாப்பிட்டாள், எப்படி மணந்தது, வயிறு எப்போது நிறைந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. தன் வயிறு பேசுவதைக் கேட்கிற பழக்கம் ஒரு மனிதருக்கு ஆயுள் முழுக்கத் தேவை, அது உருவாகிற வயது இது.

"நாங்க நிலாவைக் காட்டி ஊட்டலையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள், என் வீட்டிலேயே. நிலாவைக் காட்டி ஊட்டியபோது பாட்டி குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், குழந்தை பாட்டியின் முகத்தைப் பார்த்தது, அங்கே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை தலையைத் திருப்பினால் பாட்டிக்குத் தெரிந்தது, போதும் என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். நிலா இரண்டு நொடிக்கு ஒரு முறை கலர் மாறிக் குழந்தையைக் கட்டிப்போடவில்லை. அந்தப் பேச்சைத் திரும்பக் கொண்டுவாருங்கள், போன் வேறு அறையில் இருக்கட்டும், பெரியவர்களுடைய போனும் சேர்த்துத்தான்.

நீங்கள் திணித்த அந்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் படித்தபோது உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, ஊட்டத் தெரியவில்லை என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு, ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் கை ஓங்கும் நிலை வரத்தான் செய்யும். ஆனால் இனி ஒரு முறைகூட வேண்டாம். அழுகிற குழந்தையின் வாயில் திணித்தால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம், படுக்க வைத்து மூக்கைப் பிடித்து ஊட்டுவது அதைவிட ஆபத்து. அப்படியே போகாவிட்டாலும், தட்டைப் பார்த்தாலே அவளுக்குப் பயம் வந்துவிடும், அந்தப் பயத்தைப் போக்க மாதக்கணக்கில் ஆகும். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு அம்மா உனக்கு வலிக்கிற மாதிரி பண்ணிட்டேன், இனிமே பண்ண மாட்டேன்" என்று சொல்லுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வார்த்தை எல்லாம் புரியாது, குரல் புரியும். சொன்னபடி நடந்துகொண்டால் அவள் சீக்கிரம் நம்பிவிடுவாள். சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வரும், போலீஸ் வரும், டாக்டர் ஊசி போடுவார் என்பதையும் நிறுத்திவிடுங்கள். நிஜமாகவே காய்ச்சல் வந்து என்னிடம் வரும்போது அந்தக் குழந்தை என்னைப் பார்த்து நடுங்குவதை நான்தான் பார்க்கிறேன்.

அப்படியானால் யார் என்ன செய்வது? அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் 1980களில் ஒரு பிரிவினையைச் சொன்னார், நாற்பது வருடமாகக் குழந்தை மருத்துவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. இவ்வளவுதான். நீங்கள் இத்தனை நாளாக அவள் வேலையையும் சேர்த்துச் செய்து களைத்துப் போயிருக்கிறீர்கள். அவளோ பாட்டிலா பிஸ்கட்டா என்று முடிவு செய்து உங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். அவரவர் வேலைக்கு அவரவர் திரும்ப வேண்டும்.

குழந்தையிடம் விட்டால் அது ஒன்றுமே சாப்பிடாது என்ற பயம் வரும். சாட்டருக்கு முன்னாலேயே, 1920களிலும் 30களிலும், சிகாகோவைச் சேர்ந்த கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். தாய்ப்பால் மறந்த பருவத்தில் இருந்த 15 குழந்தைகள். முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகளின் பட்டியல்: தானியம், முட்டை, இறைச்சி, பால், காய், பழம் என்று. ஒவ்வொரு வேளையும் அதிலிருந்து பலவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் முன்னால் வைத்தார்கள், செவிலியர்கள் எதையும் சிபாரிசு செய்யக் கூடாது, குழந்தை கை நீட்டினால் மட்டும் உதவ வேண்டும். சில நாள் ஒரு குழந்தை முட்டையாகவே சாப்பிட்டது, இன்னொரு நாள் பழத்தை விட்டு நகரவில்லை, பார்ப்பதற்குக் கண்டபடி சாப்பிடுவது மாதிரிதான் இருந்தது. ஆனால் மாதக்கணக்கில் கூட்டிப் பார்த்தபோது எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்திருந்தார்கள். இதில் முக்கியமானது ஒன்று உண்டு: அந்தப் பட்டியலில் சர்க்கரை கிடையாது, பாக்கெட்டில் வருவது எதுவும் கிடையாது. என்ன வைப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள், அதனால்தான் குழந்தைகளின் கையில் விட முடிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு வேளையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஒரு வாரத்தை வைத்துப் போடுங்கள். திங்கட்கிழமை அரை இட்லியோடு எழுந்து போனவள் செவ்வாய்க்கிழமை மூன்று கேட்பாள்.

சரி, ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும்? காலை எழுந்து பல் தேய்த்த பிறகு 150 மில்லி பால், டம்ளரில். எட்டரை, ஒன்பதுக்கு இட்லியோ தோசையோ கேழ்வரகுக் கூழோ. பதினொன்றுக்கு ஒரு பழம். ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு, அப்புறம் தூக்கம். நாலு மணிக்கு மசித்த சுண்டல் அல்லது பச்சைப்பயறு, அதோடு மிச்சப் பால். ஏழரைக்குள் இரவுச் சாப்பாடு. இடையில் தண்ணீர் மட்டும். இந்த "இடையில் தண்ணீர் மட்டும்" என்பதுதான் மருந்து. இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி கிடைத்தால் பசி தானாக வரும். அழுகிறாள் என்று ஒரே ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்தால்கூட அந்த இடைவெளி உடைந்துவிடும், அதனால் பிஸ்கட் டப்பாவை அவள் கண்ணில் படும் இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள், இன்னும் நல்லது, கொஞ்ச நாள் வாங்காமலே இருங்கள்.

சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. தரையில் பழைய புடவையை விரித்து, எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள், அவளுக்கும் ஒரு சின்னத் தட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் அளவுதான் வையுங்கள். நிறையச் சோற்றைப் பார்த்தாலே குழந்தைக்கு மலைப்பாக இருக்கும், குறைவாக வைத்தால் அவளே இன்னும் கேட்பாள். கையால் பிசையட்டும், முகத்தில் பூசிக்கொள்ளட்டும், கீழே பாதி மேலே பாதி போகட்டும். மிக்ஸியில் அரைத்து ஊட்டுகிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள், மெல்லப் பழக வேண்டிய வயது இது. கையில் பிடித்துக் கடிக்கிற மாதிரி தோசைத் துண்டு, வேகவைத்த கேரட், முட்டைத் துண்டு, சப்பாத்திச் சுருள் வையுங்கள். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் மட்டும் நான்கு வயது வரை வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கினால் நிமிடங்களில் உயிர் போகும். கடலையைப் பொடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

அவள் சாப்பிடும்போது "இன்னும் ஒரு வாய்" என்று சொல்லாமல் இருப்பதுதான் உங்களுக்கு மிகக் கஷ்டமாக இருக்கும், நாக்கு நுனி வரை வந்து நிற்கும். அதை விழுங்கிவிடுங்கள். தலையைத் திருப்பினாள், வாயை மூடிக்கொண்டாள், தட்டைத் தள்ளினாள் என்றால் "போதுமா? சரி" என்று தட்டை எடுத்துவிட வேண்டியதுதான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல். அரை மணி கழித்து அழுதாலும் அடுத்த வேளை வரை தண்ணீர்தான். கீரை சாப்பிட்டால் சாக்லேட் என்ற பேரமும் வேண்டாம். கீரை என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று, சாக்லேட் பரிசு என்று அவளுக்கு நாமே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

காய், கீரை, முட்டையைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை புதிய உணவைக் கண்டால் பயப்படுவது இயற்கை. தானாக நடந்து போய் எதையும் பறித்து வாயில் போடக்கூடிய வயதில், தெரியாததைத் துப்புவது ஒரு காலத்தில் குழந்தையைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று சொல்வார்கள், எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஒரு புதிய ருசியை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து தடவை அது முன்னால் வர வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையோடு "இவளுக்கு முட்டை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவளுக்குப் பிடித்த பருப்பு சாதத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் நுனி அளவு முருங்கைக்கீரைப் பொரியல் இருக்கட்டும். தொட்டாலும் சரி, முகர்ந்து பார்த்தாலும் சரி, நக்கிவிட்டுத் துப்பினாலும் சரி, அது ஒரு தடவை என்று கணக்கு. நீங்களும் அதையே சாப்பிடுங்கள், ருசித்துச் சாப்பிடுங்கள். அப்பா தட்டில் கீரையை ஒதுக்கி வைத்தால் மகளும் ஒதுக்குவாள், அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அசைவம் சாப்பிடும் வீடு என்றால் வாரம் ஒரு நாள் கொஞ்சம் ஈரல், மற்ற நாளில் மீன், முட்டை. பயறும் கீரையும் கொடுக்கும்போது இரண்டு சொட்டு எலுமிச்சையோ, பிறகு ஒரு துண்டு கொய்யாவோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால் ஒரு சில நாள் அனுப்பிப் பாருங்கள் என்பேன். வீட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஊட்டப்படுகிற குழந்தை, அங்கே பத்துப் பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்து முட்டை சாதத்தைத் தானே அள்ளிச் சாப்பிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதன் அம்மாவால் நம்ப முடியவில்லை. மாதாமாதம் எடையும் அங்கேயே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் குடற்புழு மாத்திரை தருவார்கள், இரண்டு வயது முடிந்ததால் அவளுக்கு ஒரு முழு மாத்திரை, நன்றாகப் பொடித்துக் கொடுக்க வேண்டும். வயிற்றில் பூச்சி இருக்கும் என்று வீட்டில் சொல்கிற சந்தேகம் அதோடு தீர்ந்துவிடும். குடல் ஏறிவிட்டது என்று வயிற்றை அழுத்தித் தட்டி எடுக்கும் இடங்களுக்கு மட்டும் தயவுசெய்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

மாமியார் பற்றி. நாள் முழுக்க அந்தக் குழந்தையோடு இருப்பவர் அவர். அவர் சம்மதம் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது, நீங்கள் மாலையில் வந்து உத்தரவு போட்டாலும் நடக்காது. பேத்தி பட்டினியாக இருந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் அவர் பாட்டிலை எடுக்கிறார், அந்தப் பயத்தில் அன்பு தவிர வேறொன்றும் இல்லை. முடிந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எடை அட்டவணையை அவர் கண்ணால் பார்க்கட்டும். இல்லையென்றால், "அத்தை, பாலை நிறையக் குடுத்தா ரத்தம் குறையுமாம், டாக்டர் சொல்றாங்க, ஒரு மூணு வாரம் இப்படிச் செஞ்சு பார்ப்போம், அப்பவும் எடை குறைஞ்சா பழையபடி பார்த்துக்கலாம்" என்று கேளுங்கள். இதைச் சொல்ல வேண்டியது உங்கள் கணவர், அவர் அம்மாவிடம் அவர் பேசுவதே நல்லது. பேத்திக்குப் பிடித்த மாதிரி சுண்டல் செய்வது, கதை சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது இதெல்லாம் பாட்டியின் வேலையாக இருக்கட்டும், அவரை ஒதுக்கிவிட்டதாக அவருக்குத் தோன்றவே கூடாது.

இப்போது நீங்கள் கேட்ட சிரப். பசி தூண்டும் மருந்து என்று கடைகளில் கிடைப்பவற்றில் பல, சைப்ரோஹெப்டடின் என்ற மருந்து உள்ளவை. அது அடிப்படையில் ஒவ்வாமைக்கான மருந்து, பசியைக் கூட்டுவது அதன் பக்க விளைவு, தூக்கக் கலக்கத்தையும் சேர்த்தே கொண்டுவரும். குறிப்பிட்ட சில நோய்களில் நாங்கள் அதைப் பயன்படுத்துவது உண்டு. 800 மில்லி பாலால் வயிறு நிறைந்திருக்கும் நலமான குழந்தைக்கு அதை எழுதித் தர எனக்கு மனம் வராது. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கியும் கொடுக்காதீர்கள்.

சில விஷயங்கள் இருந்தால் மட்டும் நான் இதுவரை எழுதியதை நம்பி உட்கார்ந்திருக்காமல் உடனே நேரில் காட்ட வேண்டும். எடை இரண்டு மூன்று மாதமாக ஏறவே இல்லை அல்லது இறங்குகிறது, விழுங்கும்போது புரையேறி இருமுகிறாள், அடிக்கடி வாந்தி, விடாத பேதி, காய்ச்சல் வந்து வந்து போகிறது என்றால். இன்னொன்று, சாப்பிடும் உணவுகளின் எண்ணிக்கை பத்துக்கும் கீழே சுருங்கிக்கொண்டே வந்து, சோற்றில் சின்னக் கட்டி இருந்தாலே ஓங்கரிக்கிறாள், அதோடு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றால், அது வெறும் சாப்பாட்டுப் பிரச்சினையாக இருக்காது, வளர்ச்சி சார்ந்த பரிசோதனை தேவை, சீக்கிரம் போவது நல்லது. கடிதத்தில் நீங்கள் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முதல் வாரம் மோசமாக இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நடுவில் நீங்கள் பயந்து விட்டுவிடக் கூடாது. போன் எங்கே என்று கத்துவாள், பாட்டில் கேட்டு உருளுவாள், முதல் இரண்டு மூன்று நாள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போவாள். நலமாக இருக்கிற குழந்தைக்கு ஒரு வேளை, இரண்டு வேளை குறைவாகச் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் குடிக்கிறாள், வழக்கம்போல் சிறுநீர் போகிறாள், ஓடி விளையாடுகிறாள் என்றால் தைரியமாக இருங்கள். காய்ச்சல், பேதி இருக்கும் சமயத்தில் மட்டும் இதைத் தொடங்க வேண்டாம். உங்களுக்கு விடுமுறை இருக்கும் நாளில் ஆரம்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையே தொடங்கலாம், அன்று பதினொரு மணிப் பாட்டிலை மட்டும் விட்டுவிட்டுப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை முடிவையும், மூன்று வாரம் கழித்து எடையையும் எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.